ஏழாம் அத்தியாயம்: பூட்டிய கூண்டில் ஒன்பது குஞ்சுகள்

தனியாகப் போய் விசாரித்த முதல் வழக்கில் கிரி எழுதிய அறிக்கை ஒரே ஒரு பக்கம். பூட்டு உடையவில்லை. வலை கிழியவில்லை. தரையில் வளை இல்லை. இரத்தத் துளியோ இறகோ எங்கும் இல்லை. ஆகவே ஒன்பது குஞ்சுகளையும் கொண்டுபோனது விலங்கு அன்று, மனிதக் கை. கூண்டின் சாவி ஜுலைகாவிடம் இருந்தது. ஆகவே அந்தக் கை ஜுலைகாவின் கை. கடைசி வரிக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது அவனுக்குத் தன்மேலேயே ஒரு மதிப்பு உண்டாயிற்று என்பதை மறைப்பதற்கில்லை.

அது சனிக்கிழமை மாலை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, மௌலா அலியில் இருந்த அவர்களுடைய மாடி அலுவலகத்தின் வாசலில் அந்த ஜுலைகாவே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கனகவல்லி விஜயவாடாவிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றின் கண்காணிப்புப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்று, அந்த ஓய்வு பிடிக்காமல் துப்பறியும் நிலையம் தொடங்கியவர். வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு உதவியாளனைப் பார்த்தார். கிரி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுச் சன்னலோரம் போய் நின்றுகொண்டான். முன்பு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பை மதிப்பிடும் வேலை பார்த்தவன் அவன். பொய் சொல்ல வருபவர்கள் நாற்காலியில் எப்படி உட்காருவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். இவர் அப்படி உட்காரவில்லை.

ஜுலைகா சொன்னதை இப்படிச் சுருக்கலாம். வயது நாற்பத்தைந்து, கணவர் இல்லை. தகப்பனார் ஆம்பூரிலிருந்து வந்து ரயில்வே பட்டறையில் சேர்ந்தவர். ராமச்சந்திராபுரத்தின் பெரிய தொழிற்சாலையில் தரச் சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற நாராயணஸ்வாமியின் பறவைப் பண்ணையில் மூன்று ஆண்டுகளாக அவர் வேலை செய்கிறார். கூண்டை ஒட்டிய அறையிலேயே குடியிருக்கிறார். பண்ணையில் இருப்பவை பொன்னிற ஃபெசன்ட் கோழிகள். அரசாங்கத்தில் முறையாகப் பதிவு செய்யப்பட்ட சீன நாட்டுப் பறவைகள். முன்பெல்லாம் முட்டைகள் கூமுட்டையாயின. இந்த ஆண்டுதான் ஒரு நாட்டுக்கோழியை அடைகாக்க வைத்ததில் பதினான்கு குஞ்சுகள் பொரித்தன. வெள்ளிக்கிழமை நண்பகலில் அவற்றுள் ஒன்பதைக் காணவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கிரி அறிவான். அல்லது அறிந்திருப்பதாக எண்ணியிருந்தான். நாராயணஸ்வாமி அவனுடைய அறிக்கையைப் படம் பிடித்து, அதனருகில் ஜுலைகாவின் படத்தையும் ஒட்டி, பறவை வளர்ப்போர் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கும் கைபேசிக் குழுவில் போட்டிருந்தார். “இவர் ஜுலைகா. குஞ்சு திருடி. யாரும் வேலைக்கு வைக்க வேண்டாம்.” இன்று மாலைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், நாளை காவல் நிலையத்தில் புகார். வேறொரு பண்ணையில் வேலை கேட்டுத் தொலைபேசியில் அழைத்தால், பெயரைச் சொன்னவுடனே இணைப்பைத் துண்டித்தார்களாம்.

“வேல போனாப் போவுதும்மா. அல்லா வேற ஒண்ணு காட்டுவான்,” என்றார் ஜுலைகா. “பேரு போச்சே. எங்கப்பா முப்பது வருசம் பட்டறையில இருந்தாரு. ஒரு போல்ட்டு எங்க வூட்டுக்கு வந்ததில்ல.”

கனகவல்லி உதவியாளன் பக்கம் திரும்பினார். “நேத்து இவங்ககிட்ட என்ன கேட்ட?”

“சாவியைக் கேட்டேன், மேடம்.”

“அது கேள்வி இல்ல, கிரி.”

வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பவன் என்று பெயரெடுத்த கிரி, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் படியிறங்கினான்.

*

ராமச்சந்திராபுரத்தைத் தாண்டிச் சங்காரெட்டி சாலையில் அரை மணி நேரம் ஓட்டி, ஏரிக்கரை மண்பாதையில் திரும்பினால் பண்ணை. மே மாத வெயில் பத்து மணிக்கே மண்டையைப் பிளந்தது. வாயிலில் ஒரு பெரிய கார் நின்றது. மாதாப்பூரில் மென்பொருள் வேலை பார்க்கும் மகள் தேஜஸ்வினி தகப்பனாரைப் பார்க்க வந்திருந்தாள். அவள் வந்திருப்பது, இந்த நிகழ்ச்சிக்குப் பிறகேனும் அவரை நகரத்துக்கே அழைத்துக்கொண்டு போய்விடலாம் என்ற எண்ணத்தோடு என்பதை நாராயணஸ்வாமியே சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார்.

அறுபத்தேழு வயதிலும் சட்டைப் பையில் எஃகு அளவுகோல் செருகியிருக்கும் மனிதர் அவர். கூண்டும் அவரைப் போலவே பிசகின்றி இருந்தது. பக்கங்களில் நெருக்கமான கம்பிவலை, மேலே நைலான் வலை, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு. பக்கத்தில் ஒரு கரும்பலகை. தொழிற்சாலையில் விபத்துத் தடுப்பு விதிகளை எழுதி வைப்பார்களே, அதே முறையில் இடப்பக்கம் பகையும் வலப்பக்கம் தடுப்பும் எழுதப்பட்டிருந்தன. கீரி: கம்பிவலை தரைக்கடியில் இரண்டடி. வல்லூறு: மேல் வலை. காட்டுப்பூனை: இரட்டைக் கதவு. பெருச்சாளி, சாரைப்பாம்பு என்று நீண்ட பட்டியலின் கடைசி வரி மட்டும் சாக்கட்டியால் புதிதாக எழுதப்பட்டிருந்தது. மனிதர். அதற்கு எதிரே தடுப்பு ஏதும் இல்லை.

அந்த ஒரு சொல்லைப் பலகையில் ஏற்றியது தன்னுடைய அறிக்கை என்பது கிரிக்கு உறைத்தது.

“உங்க ஆளே எழுதிக் குடுத்தாச்சு, மேடம். மறுபடி என்னத்துக்கு?” என்றார் நாராயணஸ்வாமி. ஜுலைகா நின்ற திசையை அவர் பார்க்கவே இல்லை.

“எழுதினதைத் திரும்ப வாங்கிக்க வந்திருக்கேன். இல்லேன்னா உறுதிப்படுத்த. எதுன்னு எனக்கே இன்னும் தெரியாது.”

“கடையில வாங்கின சட்டையையே ஏழு நாளைக்குள்ள திருப்பிக் குடுக்கலாம், சார்,” என்றான் கிரி. “எங்க அறிக்கைக்கு ஒரு நாள்தானே ஆச்சு.”

நாராயணஸ்வாமி சிரிக்கவில்லை. கூண்டுக்கு அருகே தீவன மூட்டைகள் அடுக்கியிருந்தன. கருவாட்டுத் தூள் கலந்த தீவனம். நேற்றே அதன் நாற்றம் மூக்கைத் துளைத்தது. இன்று கைக்குட்டையைக் கட்டிக்கொள்ளும் அளவுக்கு ஏறியிருந்தது. வெயில் ஏற ஏறத் தீவனமும் நாறும் போலிருக்கிறது என்று கிரி நினைத்துக்கொண்டான்.

கனகவல்லி முதலில் கேட்டது ஒரு குரல் பதிவை. ஜுலைகாவுக்குத் தமிழ் எழுத வராது. அதனால் முதலாளி பண்ணையில் இல்லாத நேரங்களில் நிலவரத்தைக் கைபேசியில் பேசி அனுப்புவது வழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் காலையில் நாராயணஸ்வாமி இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள மருத்துவமனைக்குப் போய்விடுவார். அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணி ஆறு நிமிடத்துக்கு வந்த பதிவை அவர் இயக்கினார்.

“சார், பதினாலும் நல்லாருக்குது. காலையிலேருந்து கரென்ட் இல்ல, மோட்டாரு ஓடல. பக்கத்துத் தோட்டத்துக் கெணத்துல தண்ணி எறச்சிக்கினு வாறேன். கூண்டப் பூட்டிட்டேன். மாத்திரைய மறக்காதீங்க.”

ஜுலைகா குடம் சுமந்து திரும்பியபோதும் நாராயணஸ்வாமி மருத்துவமனையிலிருந்து வந்தபோதும் மணி பன்னிரண்டு. பூட்டு பூட்டியபடி இருந்தது. உள்ளே தாய்க்கோழியும் ஐந்து குஞ்சுகளும் மட்டுமே இருந்தன.

“திட்டம் போட்டுச் சொன்ன வார்த்தை இது,” என்றார் நாராயணஸ்வாமி. “பதினாலு இருக்குன்னு சாட்சி வச்சுக்கிட்டுத்தான் எடுத்திருக்கணும்.” கிரியும் நேற்று இதையேதான் நினைத்தான். நேற்று அது மிகவும் புத்திசாலித்தனமான எண்ணமாகத் தோன்றியது.

கனகவல்லி அந்தப் பதிவை நான்கு முறை ஓடவிட்டார். நான்காவது முறை கண்ணை மூடிக்கொண்டார்.

“பேச்சை விட்டுடு, கிரி. பேச்சுக்குப் பின்னால என்ன கேக்குது?”

“மோட்டார் ஓடற இரைச்சல்,” என்றவன் அப்படியே நின்றான். பதிவில் ஜுலைகா கரென்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லும்போதே பின்னால் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று இதைப் பத்து முறை கேட்டிருந்தான்.

“இந்த இரைச்சல் எங்கேருந்து வருது?” என்று பொதுவாகக் கேட்டார் கனகவல்லி.

பக்கத்துத் தோட்டத்து மோட்டார் என்று நினைத்ததாக ஜுலைகா அந்தப் பக்கம் கை காட்டினார். நாராயணஸ்வாமி தம் பம்புக் கொட்டகையைப் பார்த்தார். கிரி சாலையைப் பார்த்தான். பக்கத்துத் தோட்டத்துக்கும் இதே மின்கம்பிதான் என்று ஜுலைகாவே பிறகு திருத்திக்கொண்டார். கனகவல்லி திசைகளைப் பார்க்கவில்லை. திண்டில் உட்கார்ந்திருந்த தேஜஸ்வினி உட்பட அங்கிருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பதிவின் கடைசி ஆறு விநாடிகளை மட்டும் மீண்டும் ஒலிக்கவிட்டார்.

அதில் இன்னொன்று இருந்தது. மெல்லிய கம்பியை இழுப்பதுபோல நீண்டு ஒலித்த ஒரு சத்தம். கோழியின் சத்தம் என்று நம்புவதே கடினம். அது எழுந்தவுடன் குஞ்சுகளின் கீச்சொலி சட்டென்று நின்றுபோயிற்று.

“குஞ்சு வச்சிருக்கிற கோழிக்கு ஒரே கூச்சல்தானா, ஜுலைகா?”

“இல்லம்மா. நாயி, பூனை வந்தா ஒண்ணு. மேல பருந்து வந்தா வேற.” தன்னிடம் இதையெல்லாம் ஒருவர் கேட்பார் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

“பார்த்துடலாம். கிரி, நீ இப்போ ஒரு கீரி.”

*

கீரியாக நடிக்கும் கலை காப்பீட்டு நிறுவனத்தில் கற்றுத் தரப்படவில்லை. பழுப்பு நிறச் சாக்கை முதுகில் போர்த்திக்கொண்டு, கூண்டின் ஓரமாக முழங்காலால் தவழ்ந்தான் கிரி. பாதி தூரம்கூடப் போகவில்லை. தாய்க்கோழி கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு வந்து வலையில் மோதியது. கெக் கெக் கெக் என்று சட்டி உடைவதுபோல ஓயாமல் கத்தியது. பதிவில் இருந்த ஒலிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

“என் மாமியார்கூட என்னை இவ்வளவு மோசமா வரவேத்ததில்ல,” என்றான் எழுந்து மண்ணைத் தட்டியபடி. யாரும் சிரிக்கவில்லை. ஜுலைகாவின் உதடுகள் மட்டும் லேசாக அசைந்து பழைய நிலைக்குப் போயின.

அடுத்து அவனுக்குப் பருந்தாகப் பதவி உயர்வு கிடைத்தது. மாங்காய் பறிக்கும் துரட்டியின் நுனியில் கனகவல்லியின் கறுப்புக் குடையை விரித்துக் கட்டி, பம்புக் கொட்டகையின் கூரைமேல் ஏறி நின்று, அதை மேல் வலைக்கு நேராக மெல்ல நகர்த்தினான். குடையின் நிழல் கூண்டுக்குள் விழுந்த கணத்தில் தாய்க்கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்தது. அதே மெல்லிய கம்பி இழுப்பு. ஒரே ஒரு முறை.

மேலிருந்து பார்த்த கிரிக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மூன்று குஞ்சுகள் தாயின் இறக்கைக்குள் புகுந்தன. தொலைவில் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு, தாயிடம் வராமல், கூண்டின் மூலையில் இருந்த எலுமிச்சைப்புல் புதரை நோக்கி அம்புபோல் ஓடின. புதருக்குள் நுழைந்தன. புதர் அசையவில்லை. அவை வெளியே வரவும் இல்லை.

“மேடம், ரெண்டு போயிடுச்சு,” என்றான். “என் கண் முன்னாடியே போயிடுச்சு. பூட்டின கூண்டுக்குள்ள.”

நாராயணஸ்வாமியின் முகம் வெளுத்தது. ஜுலைகா யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் கூண்டுக்குள் நுழைந்து, புதரின் முன்னே குந்தி, நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் எழுப்பினார். தாய்க்கோழியும் தாழ்ந்த குரலில் கொக்கரித்தது. ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. கூரைமேல் நின்ற கிரிக்கு அது ஒரு நாளாகத் தோன்றியது. பிறகு ஒரு குஞ்சு தலை நீட்டியது. அதன் பின்னால் இன்னொன்று. ஜுலைகா இரண்டையும் கையில் ஏந்தி மார்போடு அணைத்துக்கொண்டார்.

கனகவல்லி அந்தப் புற்களை விலக்கினார். தரையோடு தரையாக நான்கு அங்குல அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயின் வாய் தெரிந்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். கருவாட்டுத் தீவனத்தின்மேல் நேற்று முழுவதும் பழி போட்ட கிரி, கூரையிலிருந்து இறங்கும்போது கால் தடுக்கி விழப் பார்த்தான்.

“இந்தக் குழாயைப் பத்தி நேத்து நீங்க யார்கிட்டயும் சொல்லலையே, சார்,” என்றார் கனகவல்லி.

அது பதுங்கு குழாய், என்றார் நாராயணஸ்வாமி. வல்லூறு வலைமேல் வந்து உட்கார்ந்தாலே குஞ்சுகள் மிரண்டு சாகும். அதனால் தரைக்கடியில் ஆறடிக் குழாயும், ஒரு முழங்கை வளைவும், கூண்டுக்கு வெளியே காற்றோட்டமுள்ள ஒரு மரப்பெட்டியும் அமைத்தார். பயந்த குஞ்சு குழாய் வழியே போய்ப் பெட்டியில் பத்திரமாக உட்காரும். ஜுலைகா நோன்புப் பெருநாளுக்கு மௌலா அலி போயிருந்த வாரத்தில் தம் கையாலேயே செய்தது. புதரில் ஒளிகின்றன என்றுதான் ஜுலைகா இன்றுவரை எண்ணியிருக்கிறார்.

“வெள்ளிக்கிழமையே முதல்ல போய்ப் பெட்டியைத்தான் திறந்து பார்த்தேன், மேடம். காலி. ஒரு இறகு இல்ல. அதனாலதான் சொல்லல.”

கனகவல்லி பெட்டியைத் திறக்கச் சொன்னார். மூடியின்மேல் வெள்ளை வண்ணத்தில் ‘சோதிக்கப்பட்டது’ என்ற சொல்லும் தேதியும் கையொப்பமும் எழுதப்பட்டிருந்தன. உள்ளே வைக்கோல் கலையாமல் கிடந்தது. குழாய் பெட்டியில் வந்து சேரும் இடத்தில் சதுரக் கண் வைத்த கம்பிவலை ஒன்று இறுகப் பொருத்தப்பட்டிருந்தது.

“இது என்ன?”

“பெருச்சாளிக்கு. குழாய்க்குள்ள அது நுழைஞ்சாலும் பெட்டிக்குள்ள வர முடியாது. ஓரங்குலக் கண். குஞ்சு நுழையும், பெருச்சாளி நுழையாது.” பழக்கத்தினால் அவர் கை சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்து வலையின் கண்ணில் வைத்தது. சரியாக ஓரங்குலம். “நானே சோதிச்சேன். பதினாலும் ஒண்ணு விடாம இதுக்குள்ள பூந்து வந்துச்சு.”

“எந்த நாள் சோதிச்சீங்க?”

“மேல எழுதியிருக்கே. பொரிச்ச மூணாம் நாள்.”

“வெள்ளிக்கிழமை அதுங்களுக்கு எத்தனாவது நாள்?”

நாராயணஸ்வாமி வாயைத் திறந்தார். விடை அவருக்குத் தெரியும். அவர் நாட்காட்டியில் குறித்து வைக்காத நாளே இல்லை. பதினாறு என்று சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டு, ஜுலைகாவின் கையில் இருந்த குஞ்சைப் பார்த்தார். அதன் மார்பு ஓர் ஆணின் கைமுட்டியில் பாதி இருந்தது. அளவுகோலை அதன் அருகே கொண்டுபோனவர், பாதி வழியிலேயே கையை இறக்கிக்கொண்டார்.

“நாப்பது வருஷம் இரும்பை அளந்தேன்,” என்றார் கடைசியில். “அளந்தா அளந்ததுதான். அடுத்த வாரமும் அதே அளவு இருக்கும்.”

கிரி மண்வெட்டியை எடுத்தான். அதைச் செய்ய வேறு யாரையும் அவன் விடவில்லை. அடியடியாகத் தோண்டி, முழங்கை வளைவுக்கு அப்பால் குழாயை அறுத்தான். ஒன்பதும் அங்கே இருந்தன. தாய் சொன்ன சொல் கேட்டு ஓடி, முன்னால் போனது வலையில் முட்டி நிற்க, பின்னால் வந்தது அதை நெருக்க, ஒன்றும் திரும்ப வழியின்றி, ஒன்றன் மூச்சை ஒன்று அடைத்து, வரிசையாக இறந்திருந்தன.

*

“வெள்ளிக்கிழமை வந்தது பருந்து இல்ல,” என்றார் கனகவல்லி, கையைக் கழுவிக்கொண்டே. “பருந்துக்கு இரைச்சல் கிடையாது. தரையில ஓடின மோட்டாரும் இல்ல. தரையில எதுக்கும் அன்னிக்கு மின்சாரம் இல்ல. மேலேருந்து இரைச்சலோட தாழ வந்த ஒண்ணு.” அவர் திண்டின்மேல் உட்கார்ந்திருந்த மகள் பக்கம் திரும்பினார். “இரைச்சல் எங்கேருந்துன்னு கேட்டப்போ இங்க இருந்த எல்லாரும் ஏதோ ஒரு திசையைப் பார்த்தாங்க. நீ மட்டும் அண்ணாந்து பார்த்தம்மா.”

தேஜஸ்வினியின் கையிலிருந்த கைபேசி மடியில் விழுந்தது.

அவள் தமிழில் தொடங்கி, தெலுங்கில் நடந்து, ஆங்கிலத்தில் போய் விழுந்தாள். அப்பாவுக்கு இரத்த அழுத்தம். தனியாக இந்தக் காட்டில் இருக்கிறார். எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. நிலத்தை வாங்க ஓர் ஆள் கிடைத்தான். மேலிருந்து ஒரு வீடியோ வேண்டும் என்றான். அப்பா மருத்துவமனைக்குப் போகும் நேரம் பார்த்து ட்ரோன் விடும் பையனைப் பாதைக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்ததும் அவள்தான். கூண்டின்மேல் தாழப் பறக்கவிட்டால் படம் அழகாக வரும் என்று அவன் சொன்னானாம்.

“செத்துடும்னு நாக்கு தெலீது, தெரியவே தெரியாது, ஆன்ட்டி. ப்ராமிஸ். பயந்து எங்கயோ ஓடியிருக்கும்னு நெனச்சேன்.”

“ஓடியிருக்கும்னு தெரியும்,” என்றார் கனகவல்லி. “இவங்க எடுக்கலைன்னு தெரியும். நேத்து இவங்க படத்தைக் குழுவுல போட்டப்போ நீயும் பார்த்த. இல்லையா?”

தேஜஸ்வினி பார்த்திருந்தாள். நேற்றே சொன்னால் நில விவகாரம் வெளியே வந்துவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டாள். தகப்பனார்மேல் அன்பு இல்லாத பெண் அல்லள் அவள். ஆனாலும் தன் வீட்டுச் சச்சரவு ஒன்றை மறைப்பதற்கு, எதிரே நிற்கும் ஒருத்தியின் மானம் மூடுதுணியாகக் கிடைத்தபோது, அதை எடுத்துக்கொள்ள அவள் கை கூசவில்லை. படிப்பும் பதவியும் உள்ளவர்கள் இவ்வளவு எளிதாகச் செய்யக்கூடிய வேறு பாவம் உண்டா என்று தெரியவில்லை.

நாராயணஸ்வாமி மகளைத் திட்டவில்லை. திட்டுவதற்கான தகுதி தமக்கு இல்லை என்பதுபோல, அறுத்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைபேசியை எடுத்து, ஒரு விரலால் மெல்ல மெல்லத் தட்டினார். முடித்ததும் கிரியிடம் நீட்டி, சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஜுலைகா படித்துக் காட்டச் சொன்னார். கிரி உரக்கப் படித்தான்.

“வெள்ளிக்கிழமை காணாமற்போன குஞ்சுகள் பண்ணையிலேயே இறந்து கிடந்தன. நான் செய்த பாதுகாப்பு அமைப்பின் குறையே காரணம். பணியாளர் எவரும் திருடவில்லை. முந்தைய தகவலைப் பொருட்படுத்த வேண்டாம்.”

“நக்கோ, வேணாம் சார்,” என்றார் ஜுலைகா. கோபமில்லாத குரல். “நேத்துப் போட்டதுல என் பேரு இருந்துச்சு. என் மூஞ்சி இருந்துச்சு. இதுல பணியாளர்னு இருக்குது. திருடினது ஜுலைகா, திருடாதது பணியாளரா?”

நாராயணஸ்வாமி கைபேசியைக் கிரியிடமே விட்டுவிட்டார். அவர் சொல்லச் சொல்லக் கிரியே தட்டினான். ஜுலைகா என்ற பெயரை முதல் வரியில் வைத்தான். முடிவில் யாரும் சொல்லாமலே இரண்டு வரி சேர்த்தான். “நேற்றைய அறிக்கை தவறானது. அதை எழுதிய நான் இவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கிரி.” கனகவல்லி அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

படத்துக்காக ஜுலைகா கூண்டின் முன்னால் வந்து நின்றார். நேற்றைய படம் அவருக்குத் தெரியாமல் குனிந்திருக்கும்போது எடுத்தது. இன்று முந்தானையைத் தலைக்கு மேல் சீராக இழுத்துவிட்டு, நேராகப் பார்த்தார்.

தகவல் போயிற்று. நாராயணஸ்வாமி, யாரையும் பார்க்காமல், அறையைக் காலி செய்ய வேண்டாம் என்று சொன்னார். பிறகு, இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஜுலைகா கிரியின் பக்கம் திரும்பினார்.

“எத்தினி பேரு பாத்தாங்க?” என்று கிரியைக் கேட்டார்.

“நாப்பத்தொண்ணு.”

“நேத்துப் போட்டத?”

கிரி தேடிப் பார்த்தான். பார்க்காமலே சொல்லியிருக்கலாம். “எல்லாரும்.”

ஜுலைகா கட்டி வைத்திருந்த துணி மூட்டையை அறை வாசலிலிருந்து எடுத்து வந்து, கூண்டின் எதிரே வெயிலிலேயே போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

“மீதிப் பேரும் பாக்கட்டும்,” என்றார். “அதுக்கப்புறம் இருக்கறதா போறதான்னு நான் சொல்றேன்.”

கிரி அந்தக் கறுப்புக் குடையைத் துரட்டியிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்து அவருக்குப் பிடித்தான். அவர் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார். அவன் கைபேசியைப் பார்த்தான். நாற்பத்து மூன்று.